வட்டத்துக்குள் நிற்பவள்

ஃப்ரிமாண்டில் துறைமுகத்துக்கு
ஒரு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது பியர்.
இரண்டு பலகை. நூற்று நாற்பது பெட்டி.
பெட்டிக்கு இருபத்து நான்கு.
பெருக்கிப் பார்க்காதீர்கள், நான் பார்த்துவிட்டு
மூன்று இரவு தூங்கவில்லை.

பெல்ஜியத்தில், இரண்டு தெருவும் ஒரு கால்வாயுமே உள்ள ஊரில்
அண்ணனும் தங்கையும் காய்ச்சுவது.
செர்ரிப் பழத்தைக் கொட்டையோடு போட்டு
ஒன்றரை வருடம் மரப்பீப்பாயில் மறந்துவிடுவார்கள்.
முதல்முறை குடித்தபோது
பல் கூசிற்று, ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.
மூடிய கண்ணுக்குள் முடிவெடுத்தேன்,
இதை விற்றுத்தான் பிழைப்பது.

தூத்துக்குடிக்குச் சொன்னது 'பான இறக்குமதி.'
மாமியார் அதை ஜூஸ் என்று புரிந்துகொண்டு
மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினார்.
பழம் இருக்கிறதே,
முழுப் பொய் இல்லை.

சுங்கவரிக் கடிதம் வந்த காலை
வயிற்றில் புளியைக் கரைத்தது.
ஆல்கஹால் லிட்டருக்கு இவ்வளவு, அதன் மேல் ஜிஎஸ்டி,
கிடங்கில் கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகை.
கிளமெண்டின் சுரங்கச் சம்பளம்
பில்பராவின் செம்மண்ணிலிருந்து வந்து
என் கணக்கில் இறங்கி
உட்காரக்கூட நேரமில்லாமல் எழுந்து போனது.

மறுநாளும் புளி கரைந்தது.
அதற்கடுத்த நாளும்.
கடிதம் ஏதும் வராத ஞாயிற்றுக்கிழமையும்.
அப்புறம்தான் மருந்துக்கடைக்குப் போனேன்.

லேபிளில் ஒரு குறை என்றார் சுங்கத் தரகர்.
இந்த நாட்டில் விற்பதென்றால்
புட்டிக்குப் புட்டி அந்தப் படம் வேண்டுமாம்:
சிவப்பு வட்டம்,
உள்ளே வயிறு தள்ளிய பெண், கையில் கோப்பை,
குறுக்கே ஒரு கோடு.

கேனிங் வேலில் வாடகைக் கொட்டகை.
பிப்ரவரி, நாற்பத்தொரு டிகிரி.
குளிரறை பியருக்கு, மேஜைவிசிறி எனக்கு.
முதல் நூறு கோணலாய் ஒட்டினேன்,
அடுத்த நூற்றில் கை பழகிற்று,
ஆயிரம் தாண்டியதும் அவளோடு பேசத் தொடங்கிவிட்டேன்.
உனக்கு எத்தனை மாதம்?
முகம் வரைய மறந்துவிட்டார்கள் அவளுக்கு.
கோப்பையை உயர்த்தவும் விடவில்லை,
கீழே வைக்கவும் விடவில்லை.

கைதவறி ஒன்று உடைந்தது.
சிமெண்டில் ஓடிய சிவப்பிலிருந்து எழுந்த வாசம்
நாக்கின் இரண்டு ஓரத்தையும் பிடித்து இழுத்தது.
மாங்காய் தேடும் மாதத்தில்
மூவாயிரம் புட்டிப் புளிப்புக்கு நடுவே
வெறும் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்று மணிக்குக் கடற்காற்று வரும்.
அதற்கு இங்கே டாக்டர் என்று பெயர்.
ஷட்டரைத் தூக்கினேன்.
உள்ளே வந்து, சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் போயிற்று.

மார்க்கோவிச்சின் மதுக்கூடம் எட்டாவது படி.
ஏழு படிகளில் 'யோசிக்கிறோம்' வாங்கியிருந்தேன்.
அவர் இரண்டு கோப்பையில் ஊற்றினார்.
ஒன்றை என் பக்கம் தள்ளினார்.
'தன் சரக்கைத் தானே குடிக்காதவர்களிடம்
நான் எதுவும் வாங்கியதில்லை' என்றார்.

புட்டியைத் திருப்பி
வட்டத்தின்மேல் விரலை வைத்தேன்.

படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
மறுபடி படத்தை.
என் கோப்பையையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.
முதல் மிடறில் அவருக்கும் ஒரு கண் மூடிற்று.
'ஆறு பெட்டி. முப்பது நாளில் பணம்.'
பதினான்கு என்றேன்.
இருபத்தொன்றில் நின்றோம்.

ஆக, கிளமெண்டுக்கு முன்னால்
மார்க்கோவிச்சுக்குத் தெரிந்துவிட்டது.

வியாழன் விமானத்தில் வருகிறான்,
காது மடலில் கூட அந்தச் செம்மண்ணோடு.
ஒரு புட்டி கொண்டுபோகப்போகிறேன்,
படத்தை அவன் பக்கம் திருப்பி,
மற்றொரு கையை எங்கே வைப்பதென்று இன்னும் தெரியாமல்.
புரியும். புரியாமல் என்ன.
ஆனாலும் அவனை எனக்குத் தெரியும்,
முதலில் கேட்பான்:
எத்தனை பெட்டி போயிற்று?