திரு. அடைக்கலம், தங்க உறுப்பினர்

அட்டை வேண்டுமா என்று கேட்டது செயலி.
'மின்னட்டையே போதுமானது, மரங்களைக் காப்போம்' என்று
கீழே பொடி எழுத்தில் ஒரு புத்திமதி.
பிளாஸ்டிக் அட்டைக்கும் மரத்துக்கும்
என்ன உறவோ.

வேண்டும் என்ற கட்டத்தைத் தொட்டேன்.
தொட்டது தெரியவில்லை அதற்கு.
முப்பது வருஷம் எண்ணெய்ச் சட்டியோரம் வெந்த விரல்.
ரேஷன் கடை மிஷினும் இப்படித்தான்,
'துடைச்சிட்டு வைங்க, துடைச்சிட்டு வைங்க' என்று
தெருவையே என் பின்னால் நிறுத்திவைக்கும்.
கடைசியில் வள்ளிக்கண்ணு
சுண்டுவிரலால் தட்டி
எனக்காக விண்ணப்பித்தாள்.

பூட்டிய போனைத் திறக்கவும்
அவள் விரல்தான் வேண்டும்.
அவளோ காரைக்குடியில், நான் கவுண்டரில்.
அட்டை என்றால் நீட்டினால் போதும்,
நீ யார் என்று விரலைக் கேட்காது.

வெள்ளி ஆனபோது கண்டுகொள்ளவில்லை.
தங்கம் என்றதும் ஆசை,
மினுக்குக்கு இல்லை, கூடுதல் இருபது கிலோவுக்கு.
சிங்கப்பூர் சாந்திக் கல்யாணத்துக்குக்
கவுனி அரிசி இங்கிருந்து போகவேண்டும்,
கல்பாசி, மராட்டி மொக்கு,
பழகிய பணியாரக்கல் இரண்டு.
கோலாலம்பூரில் ஒருமுறை
தேன்குழல் உரலைத் திரையில் பார்த்த அதிகாரி
நாற்காலியைவிட்டு எழுந்தே நின்றுவிட்டான்.
முறுக்கு என்று சொல்ல
மலாயில் எனக்குச் சொல் கிடைக்கவில்லை.
சுற்றிச் சுற்றிக் கையால் காட்டினேன்.
இன்னும் இரண்டு பேர் ஓடிவந்தார்கள்.

பறந்த தூரத்துக்கெல்லாம் புள்ளி போடுகிறார்கள்.
வீட்டிலிருந்து திருச்சி ஏர்போர்ட் வரை
கரண்டிச் சாக்கோடு டெம்போவில் குலுங்கும்
தொண்ணூறு கிலோமீட்டருக்கு
எவனும் ஒரு புள்ளி தருவதில்லை.

ஏழு வாரம் கழித்து
செக்காலை ரோட்டிலிருந்து கூரியர் இன்னாசிமுத்து கூப்பிட்டான்.
'அடைக்கலம் சார் இருக்காங்களா?'
அவர் போய்ப் பத்தொன்பது வருஷமாச்சு தம்பி.
கொஞ்ச நேரம் வண்டிச் சத்தம் மட்டும்.
'அவங்க கையெழுத்துதான் கேக்குறாங்கண்ணே.'

பாஸ்போர்ட் எடுத்த அன்று
குடும்பப் பெயர் என்ன என்றார்கள்.
எங்களுக்கு ஏது?
சேவுகனுக்கு முன்னால்
ஒற்றை எழுத்தாய், புள்ளி வைத்து
ஒதுங்கி நின்ற அப்பாவை
இழுத்துவந்து பின்னால் முழுசாக நிறுத்தினேன்.
விமானக் கம்பெனிக்கு அவர்தான் ஆள்.
'அன்புள்ள திரு. அடைக்கலம்,
எங்களோடு தொடர்ந்து பறப்பதற்கு நன்றி.'

அவர் பறந்ததில்லை.
பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று
பாத்திர லாரியின் பின்னால் போனார்,
அண்டா உருளாமல்
முழங்காலால் முட்டுக்கொடுத்தபடி.
அந்த முழங்கால்தான் கடைசியில் படுத்தியது.

உறையைக் கிழித்தால்
ஒரு மூலை வளைந்த தங்க அட்டை.
வள்ளிக்கண்ணு திருப்பிப் பார்த்தாள்.
'மார்ச் வரைக்குந்தான் செல்லுமாம்.
மாமாவுக்கே கெடு வச்சிருக்கான் பாருங்க.'
அப்புறம் வேறெதுவும் தோன்றாமல்
ரேஷன் கார்டு வைக்கும் உறைக்குள் செருகினாள்.
அதிலும் குடும்பத் தலைவர்
ரொம்ப நாளைக்கு அவராகத்தான் இருந்தார்.

சாந்திக் கல்யாணத்துக்குப் புறப்பட்ட ராத்திரி
திருச்சி கவுண்டரில் அட்டையை நீட்டினேன்.
நாற்பத்தொன்பதரை கிலோ. முகம் சுளிக்கவில்லை அந்தப் பெண்.
'மிஸ்டர் அடைக்கலம்' என்றாள்.
ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டேன்.
சூட்கேஸ் மேல் தூங்கும் ஒரு குழந்தை,
அவ்வளவுதான்.

'ஜன்னலோரமா, நடைபாதையோரமா சார்?'

காலை நீட்ட
இடமிருக்கிற பக்கம் கொடும்மா
என்றேன்.