எதிர் இதழ்

போன ஆண்டு பதினோரு கூடுகள் வெந்து செத்தன.
ஆரகாட்ஸ் மலையேற்றத்தில்
மண்லாரி ஒன்றின் வாலைப் பிடித்தபடி
ஊர்ந்துகொண்டிருந்தது எங்கள் ஜிகுலி.
எஞ்சின் மெல்லச் சுற்றினால்
பெல்ட்டில் கட்டுண்ட விசிறியும் மெல்லத்தான் சுற்றும்,
கல்யாணத்துக்கு வந்து
ஆஸ்பத்திரிக்கு வராத உறவுக்காரன் மாதிரி.
முள் சிவப்பைத் தொட்டது. நிறுத்தினோம்.
எஞ்சின் ஆறட்டும் என்று நின்ற முக்கால் மணியில்
பின்னால், டிரெய்லரில்,
வலையடித்த வாசல்களுக்குள் இரைச்சல் ஏறியது, ஏறியது,
பிறகு குறைந்தது.
குறைந்ததுதான் கொடுமை.
மெழுகு உருகி அடிப்பலகை வழியே சொட்டியது.
ஹ்ராச்சிக் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.
நான் வண்டியோடு பேசவில்லை.

இந்த மே மாதம் மர்ஸ்பெத்தின் உடைசல் கிடங்கில்
முகம் நசுங்கிய ஒரு தேவூ மாட்டிஸ்.
நெஞ்சுக்கூட்டுக்குள் அதன் மின்விசிறி.
"ஆறாயிரம் திராம்."
"ஓர் இதழ் நுனி உடைந்திருக்கிறதே?"
"மீதி ஐந்துக்கு என்ன குறை?"
நாலாயிரத்துக்கும் ஒரு புட்டித் தேனுக்கும் முடிந்தது.
செத்த கூடுகளின் தேன்.
அதை நான் சொல்லவில்லை.

ஒற்றை ஊனத்தோடு சுற்றினால் நடுங்கும்.
உடைந்ததை ஒட்ட வழியில்லை.
அதற்கு நேர் எதிரே இருந்த நல்ல இதழை
அதே அளவு அறுத்தேன்.
"இருந்த நல்லதையும் கெடுத்தாய்" என்றான் ஹ்ராச்சிக்.
விரலால் சுண்டினேன்.
நெடுநேரம் சுற்றி, ஆடாமல் நின்றது.

பழைய விசிறிக்கு நான்கு போல்ட்டுகள்.
மூன்று ஒரு மணியில்.
நான்காவது இரண்டு நாள்.
பிடிமானத்துக்கு, இடித்த பள்ளியின் ஜன்னல் அலுமினியம்.
ரிலே ஒரு வோல்காவின் ஹாரனிலிருந்து.
ஃபியூஸ் மட்டும் புதிது.
சூடு பார்த்துத் தானே முடுக்கும் சுவிட்ச்
விசிறியைவிட விலை அதிகம்.
எனவே ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு குமிழ்.
தானியங்கி நான்தான்.

முதல் சோதனையில் சீறிச் சுற்றியது.
ஹ்ராச்சிக் கைதட்டினான்.
நான் ரேடியேட்டரின் முகத்தருகே
ஒரு நாளிதழ்த் துண்டைக் காட்டினேன்.
ஒட்டவில்லை, எகிறிப் பறந்தது.
இழுக்க வேண்டியது ஊதிக்கொண்டிருந்தது.
இவ்வளவு ஆர்வமாக, இவ்வளவு தலைகீழாக.
சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்றினேன்.
வானிலைப் பக்கம் வந்து அப்பிக்கொண்டது:
நாளை முப்பத்தொன்பது டிகிரி.

ஜூன் பதினெட்டு, வெயில் சாயும் நேரம், இருபத்து நான்கு கூடுகள்.
பாதி மலையில் ஆட்டு மந்தை.
யஸீதி இடையன் தெம்ரோ,
அவனுக்கு முன்னால் முந்நூறு முதுகுகள்,
ஒன்றுக்கும் அவசரமில்லை.
முள் எழுந்தது.
ஹ்ராச்சிக் கண்ணை மூடிக்கொண்டு
டிரெய்லரின் சத்தத்தைக் கேட்டான்.
குமிழைத் தட்டினேன்.
முகப்பு விளக்குகள் ஒரு கணம் மங்கி மீண்டன.
முள் யோசித்தது.
பிறகு, கடன் கேட்க வந்தவன்
கேட்காமலே படியிறங்குவதைப் போல
இறங்கியது.
தெம்ரோ ஜன்னலில் குனிந்து
என்ன சத்தம் அது என்றான்.
மாட்டிஸ், என்றேன்.

மேட்டில் கூடுகளை இறக்கி
வலைகளை நீக்கியபோது நள்ளிரவு.
ஐந்து நிமிடம் ஓடட்டும், ஆறட்டும் என்று
எஞ்சினை அணைத்து, விசிறியை விட்டுவிட்டு
இருக்கையில் சாய்ந்தேன்.
அதுவரைதான் நினைவு.

விடியலில் ஸ்டார்ட்டர் ஒருமுறை முனகி அடங்கியது.
ஹ்ராச்சிக் எதுவும் சொல்லாமல் தேநீர் ஊற்றினான்.
சொல்லியிருக்கலாம்.
காட்டுப்புதினாச் சரிவில்,
தலை தாழ்த்தி, வால் உயர்த்தி,
வாசலுக்கு வாசல் வரிசையாக நின்று
சிறகடித்துக்கொண்டிருந்தன தேனீக்கள்.
இருபத்து நான்கு.
மறுபடி எண்ணினேன்.

இறக்கத்தில் தள்ளி, ஓடி ஏறி,
இரண்டாம் கியரில் கிளட்சை விட்டபோது
வண்டி இருமிக்கொண்டு உயிர்த்தது.
கூடவே அதுவும்.
குமிழ் இரவெல்லாம் மேலேயே இருந்திருக்கிறது.