நீர்மட்டம்

ரீகா நகர் நாடாளுமன்றத்தில்
கோப்பு சுமப்பது என் வேலை.
காலையில் திருத்தங்கள்,
மாலையில் திருத்தங்களுக்குத் திருத்தங்கள்.
அன்று கையில் கொடுத்தது ஒற்றைத் தாள்.

விஸ்மா என்றொருத்தி.
ஆறுகளின் ஆழம் அளப்பவள்.
எல்லைக்கு அப்பால், அயலார் ஆற்றில்,
அனுமதிச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான்
அளவுகோலை இறக்கினாள்.
எங்களை ஆழம் பார்க்கிறாயா என்று
அங்கிருந்தே கொண்டுபோய்விட்டார்கள்.
அளவுகோல் இப்போது சான்றுப் பொருள்.

குழு அறையில் ஒரு வினைச்சொல்லுக்காக
ஒன்றரை மணி நேரச் சண்டை.
'வேண்டுகிறோம்' என்றால்
முதுகு வளைந்துவிடுகிறதாம்.
'கோருகிறோம்',
கடைக்காரனிடம் மீதிச் சில்லறை கேட்பது போலிருக்கிறதாம்.
'எச்சரிக்கிறோம்' என்றவரிடம்
எதை வைத்து என்று கேட்டார் தலைவர்.
யாரும் சிரிக்கவில்லை.
காபி ஆறி, ஆடை கட்டிய பிறகு
'வலியுறுத்துகிறோம்' என்று முடிந்தது.

மேஜை மேஜையாகப் போனேன்.
குறுக்கெழுத்து நிரப்பிய பச்சைப் பேனாவாலேயே
கையெழுத்திட்டார் தால்விஸ்.
எவரோடும் ஒத்துப்போகாத ஸ்கைத்ரீதே
இரண்டு முறை வாசித்து,
ஒரு காற்புள்ளியை அடித்துவிட்டு, போட்டார்.
மரப்பலகை ஏற்றுமதிப் பேச்சு வெள்ளிக்கிழமை,
அது முடியட்டும் என்றார் ஒருவர்.
திங்களன்று போனேன்.
கழிவறையில் இருப்பதாகச் சொன்னார்கள்.
கழிவறை வாசலிலேயே நின்றேன்.
ஈரக் கையோடு போட்டதில் அவர் பெயர் மட்டும்
கொஞ்சம் கசிந்திருக்கும்.

நூறு பேரில் எழுபத்தொரு பேர்.

தூதரகத்தின் இரும்புக் கதவில்
கடிதம் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு.
விட்டேன். உள்ளே விழும் சத்தம் கேட்கவில்லை.
கீழே ஏதேனும் விரித்திருப்பார்கள்.

மூன்று மாதம் கழித்து வந்த பதில்: 'பெறப்பட்டது.'
இரண்டாம் கடிதத்துக்கு அதுவும் இல்லை.
மூன்றாம் கடிதம் கொடுத்த நாளில்
காவலன் என்னைப் பார்த்து
உன் காலணி உறைபனிக்கு ஆகாது என்றான்.
அரசுத் தரப்பில் வந்த நீளமான வாக்கியம் அதுதான்.

நான்காவதற்குமுன் விஸ்மாவின் கணவர் வந்தார்,
ஆயிவார்ஸ், டிராம் ஓட்டுபவர்,
சீருடையைக் கழற்ற நேரமில்லாமல்.
பிடித்தபோதே அவள் கண்ணாடி உடைந்துவிட்டது,
அதையும் ஒரு வரி சேர்க்க முடியுமா?

இறையாண்மை, உடன்படிக்கை, மனித உரிமை,
இவற்றுக்கு நடுவில் மூக்குக்கண்ணாடியா?
கடிதத்தின் மதிப்பு இறங்கிவிடும் என்றார்கள்.
"எனக்கும் மைனஸ் ஆறு," என்றார் ஸ்கைத்ரீதே,
"சேருங்கள்."

மே மாதம் கண்ணாடி போய்ச் சேர்ந்தது.
எழுபத்தொரு பேர், நான்கு கடிதம்,
ஒரு மூக்குக்கண்ணாடி.
இதை வெற்றி என்று குறிப்பேட்டில் எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன். பிறகு
அந்தச் சொல்லை மட்டும் அடித்தேன்.

அவளிடமிருந்து ஓர் அஞ்சலட்டை,
பாதி கறுப்பு மை பூசியது.
டிராம் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்து,
வெயில் ஊடுருவும்வரை பார்த்துப் பார்த்து,
ஆயிவார்ஸ் எனக்குப் படித்துக் காட்டினார்:
"சுவரின் அடியில் ஈரம்.
மார்ச்சில் இரண்டு விரல் ஏறியது.
ஏப்ரலில் மூன்றரை.
வெளியே பனி உருகுகிறது போலும்."
பின்னால் வந்த டிராம் மணியடித்துக்கொண்டே இருந்தது.

அக்டோபரில் தேர்தல்.
எழுபத்தொரு பேரில் முப்பத்தெட்டுப் பேர் இல்லை.
ஸ்கைத்ரீதேயும் தோற்றுப்போனார்.
ஐந்தாம் கடிதத்தோடு
முதல் வரிசை முதல் மேஜைக்குப் போனேன்.
பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத நாற்காலியிலிருந்து
ஒரு புதிய முகம் நிமிர்ந்தது:
யார் இந்த விஸ்மா?

தாளை மேஜைமேல் வைத்தேன்.
ஆறுகளின் ஆழம் அளப்பவள்
என்று ஆரம்பித்தேன்.