ரசீதின் பின்பக்கம்

டீனின் கடிதம் மேசை இழுப்பறையில் இருக்கிறது:
நடப்பு அரசியல் பேசலாம். இரு பக்கமும் காட்டுக.
'இரு'வுக்குக் கீழே பச்சை மையில் கோடு.

மிசிசிப்பியில், பருத்தி வயல்களுக்கு நடுவே
தகரக் கூரை போட்ட எங்கள் கல்லூரி.
இரவு ஏழு மணி வகுப்பு. பதினொரு பேர்.
கெளுத்தி மீன் ஆலையிலிருந்து நேரே வரும் மரிசோல்
எலுமிச்சை போட்டு எத்தனை முறை கை கழுவினாலும்
கடைசி வரிசையை விட்டு வருவதில்லை.
டயர் கடை கோல்பிக்கு இருபத்திரண்டு.
வெர்லீன் பிக்கெட்டுக்கு அறுபத்தொன்று,
என்னைவிட இருபது வயது கூட.
முதியோர் இல்லத்தில் இரவுப் பணிக்குப் போகுமுன்
கால் நீட்டிக்கொள்ள இடம் தேடி வருகிறார்
என்றுதான் செப்டம்பரில் நினைத்திருந்தேன்.

அன்றைய பாடம்: 1890இல் எழுதிய மாநில அரசியல் சட்டம்.
அன்றைய செய்தி: தீயணைப்பு நிலையத்து வாக்குச்சாவடி
பத்தொன்பது மைல் தள்ளிப் போகிறது.
பலகையில் இரண்டையும் எழுதிவிட்டு
நடுவே கோடு போடுவதா அம்புக்குறி போடுவதா என்று
சாக்பீஸோடு நின்றேன்.

"செத்துப்போனதைத் தோண்டி என்ன சார்?" என்றான் கோல்பி.
கெட்ட எண்ணமில்லை, களைப்பு.
"நான் யாரையும் தடுக்கல. நான் பிறக்கவேயில்ல."
கவுன்டி சாலைத் துறை கார்லண்ட் மூடி தலையாட்டினார்:
"காசு இல்லைங்க. போன முறை அங்கே
மேசைக்கு அந்தப் பக்கம்தான் கூட்டம் அதிகம்."
"யாரும் வரமாட்டாங்கன்னு தெரிஞ்சா
கதவை எதுக்குப் பூட்டணும்?" என்றார் வெர்லீன்.

பிறகு கைப்பையைத் திறந்தார்.
ரத்த அழுத்த மாத்திரைப் பட்டைகளுக்கு அடியில்
பிளாஸ்டிக் உறை; உறைக்குள்
தேநீர் நிறத்தில் ஒரு தாள்.
வாக்கு வரி. இரண்டு டாலர். 1958.
பெற்றுக்கொண்டவர் ஷெரிப்: கோழிக் கிறுக்கல்.

"அப்பாவோடது. வரி கட்டினார், ஓட்டு கிடைக்கல.
சட்டத்துல ஒரு பிரிவைக் கொடுத்து
பொருள் எழுதச் சொன்னாங்க. எழுதினார்.
அவர் எழுதினது எழுத்தருக்குப் பொருளாப் படல."

தாள் கைமாறிப் போனது.
விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்,
சுடச்சுடத் தட்டை வாங்குவதுபோல.
மரிசோல் கையை ஜீன்ஸில் இரண்டு முறை துடைத்துவிட்டு வாங்கினாள்.
திருப்பினாள்.

பின்பக்கம் பென்சிலில்:
மண்ணெண்ணெய். மாவு. லாந்தர்த் திரி.
ஓப்பலுக்குச் செருப்பு.
செருப்பை மட்டும் அடித்திருந்தது.

"ஓப்பல் யாரு?"
"அக்கா."

இரு பக்கமும் காட்டுக.
நான் காட்டவில்லை; அவள்தான் திருப்பினாள்.

கோல்பி போனில் ஏதோ தட்டினான்.
நூறு பவுண்டு பறித்தால் இரண்டரை டாலர் என்றால்
இரண்டு டாலருக்கு...
"எண்பது," என்றான், யாருக்கும் சொல்லாமல்.
லாரி டயர் அதைவிடக் கனம்தான்.
அவன் தினமும் தூக்குவது.
"ஆனா இது பஞ்சு," என்றான் இன்னும் மெதுவாக.

அப்போதுதான் மரிசோல், கடைசி வரிசையிலிருந்து,
அந்தப் பருவத்தில் முதன்முதலாகக் கை தூக்காமல் பேசினாள்:
"எனக்கும் வரி பிடிக்கிறாங்க. ஓட்டு இல்ல.
ரசீது மட்டும் ஒழுங்கா வருது."

கார்லண்ட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.
பதில் யாரிடமும் இல்லை; என்னிடமும்.
கூரையில் பெக்கன் கொட்டை ஒன்று விழுந்து உருண்டது.
அது உருண்டு முடியும்வரை
எல்லோரும் கேட்டோம்.

எட்டரைக்கு விட்டேன்.
யாரும் யாரையும் மாற்றியிருக்கவில்லை.
இன்று எப்பக்கம் காட்டப்பட்டது என்று
நிரப்ப வேண்டிய படிவம் அப்படியே கிடந்தது.
ஜன்னலைச் சாத்தப் போனபோது கீழே பார்த்தேன்:
வாகன நிறுத்தத்தின் மஞ்சள் விளக்கில்
வெர்லீனின் பழைய காருக்குப் பின்னால்
கோல்பி குந்தியிருந்தான்.
கட்டைவிரலை டயரின் பள்ளத்தில் வைத்து
ஆழம் பார்த்தான். பள்ளம் இல்லை.

"பத்தொன்பது போக, பத்தொன்பது வர," என்றான்.
"இது தாங்காதும்மா.
சனிக்கிழமை கடைக்குக் கொண்டு வாங்க."

"எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார் வெர்லீன்,
கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி.