சொந்தப் பேனா

நியூலின் துறைமுகம், மெதடிஸ்ட் கூடம்.
பட்டியலில் பெயரைச் சரிபார்ப்பது என் வேலை.
தாளில் ஒரே கேள்வி: இருப்பதா, விலகுவதா.

காலை ஏழரைக்கே வந்துவிட்டார் டென்சில் பாஸ்கோ,
ரப்பர் பூட்ஸில் மீன் செதிலோடு,
சட்டைப்பையில் சொந்தப் பேனாவோடு.
"பென்சில்னா அழிச்சிடுவாங்க."
யார் என்று நான் கேட்கவில்லை.

பின்னாலேயே லவ்டே, அவர் மனைவி.
வேனில் தொடங்கிய சண்டை
வாசற்படி தாண்டியும் ஓயவில்லை.

"பிரஸ்ஸல்ஸ்ல உட்கார்ந்து என் வலைக்கண்ணை அளக்கிறவனுக்கு
நான் எப்போ ஓட்டுப் போட்டேன்?
பிடிக்காதவனை வீட்டுக்கு அனுப்ப முடியணும்.
அதுதானே ஜனநாயகம்?"

"நம்ம எம்.பி. பேரைச் சொல்லு, பார்ப்போம்."

அவர் பூட்ஸைப் பார்த்தார்.

"நீ பிடிக்கிற சிலந்தி நண்டை
இந்தத் தெருவுல எவன் தின்னுறான்?
ஸ்பெயினுக்குப் போற லாரி
எல்லையில ஒருநாள் நின்னா
உன் இறையாண்மைக்காக ஐஸ் உருகாம இருக்குமா?"

"காசுக் கணக்கு வேற, லவ்டே.
தப்பாவே முடிவெடுத்தாலும்
அது நம்ம தப்பா இருக்கட்டுமே."

அதற்கு அவளிடம் பதில் இல்லை.
என்னிடமும் இல்லை; இருந்தாலும்
மேசைக்கு இந்தப் பக்கம் வாய் திறக்கக் கூடாது.

தட்டி மறைவில் அவர் வெகுநேரம் நின்றார்.
ஒரு பெருக்கல் குறிக்கு அவ்வளவு நேரமா?
நாலாக மடித்துப் போட்டார். அவளும் போட்டாள்.
கூட்டிக் கழித்தால் பூஜ்ஜியம்
என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் மேடையைத் துடைக்கும்போது
பேனா அங்கேயே கிடந்தது,
மூடியின் மேல் ஒட்டிய விலைச்சீட்டு
கிழியாமல்.