மேற்குக் கம்பம்

தங்கேடு என்பார் கிரீஷ்.
ஆவாரை என்பேன் நான்.
குப்பம் தாண்டி குடுபல்லி ரோட்டில்
இரண்டு பேருக்கும் செடி ஒன்றுதான்:
வரப்பில் நிற்பது, ஆடு முகர்ந்துவிட்டுப் போவது,
தை பிறந்தால் மஞ்சளாய்க் கொட்டுவது.

வலைக்கூடத்துக்குள் நாலாயிரம் தக்காளி.
ஈ நுழையாத வலை. வெள்ளை ஈ வந்தால்
இலை சுருண்டுபோகும், கிரீஷின் லோன் சுருளாது.
அதனால் வண்டுக்கும் வழியில்லை.
வண்டு செய்கிற வேலைக்கு என்னை வைத்திருக்கிறார்,
கையில் ஒரு பேட்டரி டூத்பிரஷ்.

வெயில் ஏறுவதற்குள்
ஒவ்வொரு கொத்தின் காம்பிலும் பிரஷ்ஷின் முதுகை வைத்து
ஒன்று, இரண்டு எண்ண வேண்டும்.
புகைபோல ஏதோ உதிரும்.
உதிர்ந்தால் அடுத்த கொத்து.
"பூவுக்குப் பல்லு வெளக்கிட்டியா?" என்பாள் முனிரத்தினா
நாற்றுத்தட்டு கழுவிக்கொண்டே.
நாள்கூலி முன்னூற்றைம்பது.
வீட்டில் எங்களுக்கு இன்னும் பல்பொடிதான்.

டீ நேரத்தில் வரப்பில் உட்கார்வேன்.
கட்டைவிரல் பருமனில் ஒரு கருவண்டு வரும்,
இறக்கையில் மட்டும் நீலம்.
பூவைக் கவ்வி, இறக்கையை அடக்கி,
உடம்பை மட்டும் உலுக்கும்.
பறக்கும்போது கேட்ட சத்தம் இல்லை அது,
இன்னும் கீச்சு.
முதல் நாள் கேட்டபோது
இடுப்புப் பையைத் தடவினேன்
பிரஷ்ஷை அணைக்க மறந்துவிட்டேனோ என்று.

ஆவாரையில் தேன் கிடையாது.
மகரந்தப் பையும் வாய் திறக்காது,
நுனியில் ஊசி குத்தின மாதிரி துளை, அவ்வளவுதான்.
உலுக்காதவளுக்கு ஒன்றுமில்லை.
நடுவில் இருக்கும் குட்டைகள் அவள் சாப்பாட்டுக்கு.
கீழே வளைந்து நீண்டவை
சாப்பிடும்போது அவளைக் கேட்காமல்
முதுகோரம் பூசிவிட.

ஒரு பூவில் சூல்தண்டு இடப்பக்கம் சாய்ந்திருக்கும்,
பக்கத்துப் பூவில் வலப்பக்கம்,
கண்ணாடியில் பார்த்த மாதிரி.
இடத்துப் பூ பூசிய பொடி
வலத்துப் பூவில்தான் போய்ச் சேரும்.
பிறந்த வீட்டில் தமிழ், புகுந்த வீட்டில் தெலுங்கு,
நான் வந்ததும் அப்படித்தான்.

மாசியில் ஒரு காலை
மேற்குக் கம்பத்தடியில் மரத்தூள்.
சவுக்குக் கம்பம்,
வலையை இழுத்து ஆணியடித்தது அதில்தான்.
வெளிப்பக்கம் எட்டணா அளவு ஓட்டை,
காம்பஸ் வைத்து அறுத்ததுபோல வட்டம்.
உள்பக்கம் இன்னொன்று.
வலையில் ஒரு இழைகூட அறவில்லை,
மரத்துக்குள்ளேயே நடந்து வந்திருக்கிறாள்.

கிரீஷிடம் சொன்னால் சிமெண்ட் வைத்து அடைப்பார்.
வெள்ளை ஈ அந்த வழியில் வருமா, தெரியாது.
லோன் எவ்வளவு என்று தெரியும்.
கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு மரத்தூளைக் காலால் தள்ளி
சொட்டுநீர்க் குழாய்க்கு அடியில் விட்டேன்.

அன்றிலிருந்து எட்டாவது, ஒன்பதாவது வரிசையை
பிரஷ் படாமல் விட்டிருக்கிறேன்.
நோட்டில் எழுதுவது: முடிந்தது.
எட்டில் பிஞ்சு பிடித்திருக்கிறது,
நான் தொட்ட ஏழைவிடக் கொஞ்சம் கனமாக.
ஒன்பதை இன்னும் பார்க்கவில்லை.
பார்க்கப் பயம்.

வரப்பில் ஆவாரைக் காய்கள்
தட்டையாய்க் காய்ந்து சலசலக்கின்றன.
முனிரத்தினா ஒன்றை ஒடித்து
காதோரம் ஆட்டிப் பார்த்தாள்.
"இதுல பேட்டரி இன்னும் இருக்கு" என்று
என் பையில் போட்டாள்.