பங்காளிக் கிணறு

முத்தூருக்குத் தெற்கே பாறையைச் சதுரமாக வெட்டிய கிணறு.
திங்கள் புதன் வெள்ளி தெய்வசிகாமணியின் மோட்டார்.
செவ்வாய் வியாழன் சனி மயிலாத்தாள் வீட்டு மோட்டார்.
ஞாயிறு யாருக்கென்று
காங்கேயம் கோர்ட்டில் பதினோரு வருஷமாய் நடக்கிறது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நான் இறங்குகிறேன்,
நெற்றியில் விளக்கு, இடுப்பில் வலைப்பை,
பல்லிடுக்கில் பென்சில்.
தண்ணீர் அன்றைக்கு அசைவதில்லை.

முதலில் கண்கள் மட்டும்தான்.
கொத்தமல்லி விதையை யாரோ நீர்மேல் தூவினாற்போல்.
கண்ணை வைத்து எது எதுவென்று சொல்லிவிட முடியாது.

கல்லொன்று உருட்டிவிட்டேன்.
சிறியது, எறிந்த ஓட்டாஞ்சில்லு,
நீரைத் தொட்டுத் தொட்டு அக்கரை போய்விட்டது.
சாம்பல் முதுகு, கறுப்புப் பொட்டு, உப்புத்தாளின் சொரசொரப்பு.
பெரியது அவசரப்படவில்லை.
வாழைக்குருத்துப் பச்சை,
நடு முதுகில் வகிடெடுத்த வெளிறிய கோடு.
அதன் வயிற்றைக் கழுவிப் பார்த்ததில்
வேலம்பாசி, பாதி கரைந்த கோரை,
தவறி உள்ளே போன ஓர் எறும்பு.
"தவளை தழை தின்னுதா?"
பேராசிரியர் போனில் இரண்டு தடவை கேட்டார்.

பெயர் வைத்தவர் பெரியதை ஆறுவிரலி என்று எழுதிவிட்டார்.
எண்ணினேன். ஐந்துதான்.
ஆறாவது என்றது
பின்காலில் விரலாகப் பார்த்து
விரலாகாமல் நின்றுபோன ஒரு புடைப்பு.
சின்னதைப் பிடித்துத் திருப்பினேன்.
அதற்கும் இருக்கிறது.

மேலே இரண்டு டார்ச் வந்து நின்றன,
கிணற்றுக்கு அக்கட்டால ஒன்று, இக்கட்டால ஒன்று.
"ஏங்கண்ணு, ரண்டும் ஒண்ணுதான?"
"இல்லீங்க. வேற வேற."
"பாத்தா பங்காளியாட்ட இருக்குது."
இது தெய்வசிகாமணி. என்னிடம் சொல்வதுபோல் சொன்னது.
"முட்டை எங்க போடும்?"
"இதே தண்ணிலதானுங்க.
ஆனா ஒண்ணோட ஒண்ணு சேராது."

கொஞ்ச நேரம் மேலிருந்து பேச்சில்லை.
அப்புறம் கீழே ஆரம்பித்தது சத்தம்,
காய்ந்த அவரை நெற்றைக் குலுக்கினாற்போல் ஒன்று,
தொண்டைக்குள்ளேயே உருட்டி உருட்டி இன்னொன்று.
ரெக்கார்டரில் இரண்டும் ஒரே கோடாக ஏறுகின்றன.
வீட்டுக்குப் போய்த்தான் பிரிக்க வேண்டும்.

நிமிர்ந்து பார்த்தால்
இருட்டின் விளிம்பில் இரண்டு வெளிச்சம்,
இமைக்காமல்.
எது எவர் கையென்று கீழிருந்து தெரியவில்லை.

நோட்டில் எழுதினேன்:
பெரியது நாலு. சிறியது பதினேழு.
கைநழுவியது ஒன்று,
இனம் தெரியாது.